வாக்களித்த நிதி வந்ததா?

கேள்வி: பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தருவதாகச் சொன்ன நிதி உண்மையிலேயே போய்ச் சேருகிறதா?

பதில்: சேருகிறது, ஆனால் தாமதமாகவும், பெரும்பகுதி கடனாகவும். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்ட வளர்ந்த நாடுகள், அந்த இலக்கை 2022-இல்தான் எட்டின. அதிலும் புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கே பெரும்பங்கு போயிற்று. சூரிய மின்நிலையம் வருமானம் தரும்; கடலரிப்பைத் தடுக்கும் சுவருக்கு யார் கட்டணம் செலுத்துவார்கள்? ஆகவே பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளைச் சமாளிக்கும் தகவமைப்புப் பணிகளுக்கு மானியமே பொருத்தம். பசிபிக் தீவு நாடான துவாலு, ஏழை நாடுகளுக்கு உதவும் பன்னாட்டு அமைப்பான பசுமைப் பருவநிலை நிதியம் அளித்த 3.6 கோடி டாலர் மானியத்தின் துணையோடு, தலைநகர் ஃபுனாஃபுட்டியின் கரையோரக் கடலை மேடாக்கிப் புதிய நிலத்தையே உருவாக்கியிருக்கிறது. 2024-இல் அஜர்பைஜானின் பாகூவில் நடந்த பருவநிலை மாநாடு, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தியபோதும், தகவமைப்புக்கெனத் தனித்தொகை எதையும் வரையறுக்கவில்லை.