விசிட் விசாவில் ஷார்ஜா வேலை: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு, புதுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிறான். பக்கத்து ஊர் ஏஜென்ட் ஒருவர் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன் ஹெல்பர் வேலை, மாதம் 1,200 திர்ஹாம், தங்குமிடம் இலவசம் என்று சொல்லி 1,40,000 ரூபாய் கேட்டார். அம்மாவின் நகையை அடகு வைத்து 50,000 ரூபாயை அவருடைய மனைவியின் கணக்குக்கு கூகுள் பே மூலமும், 10,000 ரூபாயைக் கையிலும் கொடுத்தோம். மீதிப் பணத்துக்காகத் தம்பி கையெழுத்திட்ட தொகை எழுதாத காசோலை ஒன்றும், பாஸ்போர்ட்டும் அவரிடம் இருக்கின்றன. இப்போது, 60 நாள் விசிட் விசாவில் அனுப்புகிறேன், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம், ஏர்போர்ட்டில் கேட்டால் மாமாவைப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும் என்கிறார். அது பயமாக இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் 'ஏற்பாடு செய்து' பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற) முத்திரையை எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்கிறார். இன்னும் 18 நாளில் டிக்கெட். அனுப்பலாமா? வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: அனுப்ப வேண்டாம். தம்பி ஷார்ஜாவுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் போகக் கூடாது என்கிறேன்.

எமிக்ரேஷன் சட்டம் என்று வழங்கும் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வேலையில் சேரும் நோக்கத்தோடு இந்தியாவை விட்டுப் புறப்படுவதையே 'குடிபெயர்வு' என்று வரையறுக்கிறது. விசாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, புறப்படுகிறவரின் நோக்கத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே விசிட் விசா என்று பெயர் மாற்றுவதால் தம்பியின் பயணம் சுற்றுலா ஆகிவிடாது. பத்தாம் வகுப்புத் தேறாததால் அவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது, ஐக்கிய அரபு அமீரகமோ அத்தகைய பாஸ்போர்ட் உடையவர்கள் வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய நாடுகளில் ஒன்று. அந்த அனுமதியைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரி வழங்க வேண்டும். அது இல்லாமல் வேலைக்குப் புறப்படுவது 24-ஆம் பிரிவின்படி புறப்படுகிறவருக்கே குற்றமாகும். ஏஜென்ட் சொல்லிக்கொடுக்கும் 'மாமாவைப் பார்க்கப் போகிறேன்' என்ற பொய்யைக் குடியேற்ற அதிகாரியிடம் சொல்லப்போவது உங்கள் தம்பிதானே தவிர, ஏஜென்ட் அல்ல.

அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், அமீரகத்தில் விசிட் விசாவில் இருப்பவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாறவும் வழி இருக்கிறது. ஏஜென்ட்டின் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் அதன் ஆபத்து. மாற்றித் தர ஒரு முதலாளி அங்கே முன்வர வேண்டும். அவர் யார், நிறுவனத்தின் பெயர் என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்வராவிட்டால், வேலை அனுமதி இல்லாமல் தம்பி செய்யும் ஒவ்வொரு நாள் வேலையும் அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதமானது, விசா நாள் முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஏறும், சம்பளம் தரவில்லை என்று புகார் செய்யப் போனால் தன் நிலையையே முதலில் விளக்க வேண்டியிருக்கும். முறையாக அனுமதி பெற்றுச் செல்கிறவருக்குக் கட்டாயமாக எடுக்கப்படும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இவருக்குக் கிடையாது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது. கரண்ட் வேலைக்குப் போகிறவர் அதை இழப்பது சிறு விஷயமல்ல.

இனி அந்தச் சான்றிதழ் பற்றி. இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். பொய்யான தகவல் தந்து பாஸ்போர்ட் பெறுவது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம், பாஸ்போர்ட்டையும் முடக்கலாம். போலிச் சான்றிதழைப் பயன்படுத்தியதற்கு, குற்றங்களுக்கான பொதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் தனி வழக்கும் வரும். விசிட் விசா விவகாரத்தில் தம்பியை ஏமாற்றப்பட்டவர் என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதாட முடியும். போலிச் சான்றிதழில் அவர் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த வாதம் போய்விடும். ஈ.சி.ஆர். முத்திரை நீங்க வேண்டுமென்றால், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறி, அந்த மதிப்பெண் சான்றிதழோடு பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய வயதுக்கு அது வீண் உழைப்பாகாது.

அடுத்து, இந்த ஏஜென்ட் யார் என்பது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க, சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் பதிவுச் சான்று வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம். அதற்கு ரசீதும் தர வேண்டும். பதிவு இல்லாதவர் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. மனைவியின் கணக்கில் பணம் வாங்குகிறவரிடம் பதிவுச் சான்று இருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் பார்த்துவிடுங்கள். 'சென்னையில் பெரிய ஆபீசின் சப்-ஏஜென்ட் நான்' என்று அவர் சொன்னால், அந்தப் பெரிய ஆபீசின் பதிவு எண்ணையும், அது தந்த ரசீதையும் கேளுங்கள்.

பணத்தை மீட்பதில் வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட், பிறகுதான் மற்றவை. பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அது மத்திய அரசின் சொத்து. பாக்கிப் பணத்துக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. தம்பியே வாட்ஸ்அப்பில், நான்கு விஷயங்களை எழுத்தாகக் கேட்கட்டும்: பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும், பதிவு எண் என்ன, ஷார்ஜா நிறுவனத்தின் பெயர் என்ன, கொடுத்த 60,000 ரூபாய்க்கு ரசீது எங்கே. அவர் பதில் சொன்னாலும் சாட்சியம், சொல்லாமல் விட்டாலும் சாட்சியம். கையில் கொடுத்த 10,000 ரூபாய்க்கு இப்போது ஆதாரம் எதுவும் இல்லாததால், அந்தத் தொகையை அவர் வாயால் ஒப்புக்கொள்ளும் ஒரு குரல் பதிவுகூட உங்களுக்குப் பெரிய உதவி. செய்திகளை அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம்; மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று தேவைப்படும்போது அந்தப் போன்தான் அடிப்படை. பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால், 'தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதிது எடுத்துவிடு' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அதுவும் பொய்த் தகவல்தான்.

பிறகு புகார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகார் எழுதி, மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். ஏமாற்றிப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரியது; அதோடு குடிபெயர்வுச் சட்டத்தின் 10, 24 ஆகிய பிரிவுகளையும் புகாரில் குறிப்பிடுங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சில காவல் நிலையங்களில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 27-ஆம் பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவின் விலக்கு, வெளிநாடு செல்லவிருப்பவர் தாமே புகார் கொடுத்தாலும், அவர் சார்பில் தந்தை, தாய், மனைவி, உடன்பிறந்தவர் முதலானோர் கொடுத்தாலும் அனுமதி தேவையில்லை என்கிறது. அக்கா என்ற முறையில் உங்களுக்கே அந்த உரிமை உண்டு. புகாரின் நகலைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் என் அனுபவத்தில், குற்றப்பிரிவில் இருந்து ஓர் அழைப்பு போனதும் இத்தகையவர்கள் பணத்தோடு பேச வருகிறார்கள். வந்தால், பணம் உங்கள் கணக்கில் ஏறும் முன் 'புகாரை வாபஸ் பெறுகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஷார்ஜா ஆசையை விட வேண்டியதில்லை என்றேன். முறையான வழியில், அங்குள்ள முதலாளி அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் வடிவிலான வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தருவார். அது தமிழிலும் கிடைக்கிறது, சம்பளம், வேலை, தங்குமிடம் எல்லாம் அதில் இருக்கும். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, அவருடைய ஆவணங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வைக்கலாம். தாமதமாகும், ஆனால் நகை அடகுக்குப் போகாது. குடிபெயர்வு அனுமதி கையில் வரும்வரை தம்பி இப்போதைய வேலையை விட வேண்டாம்.

கடைசியாக அந்தக் காசோலை. கையெழுத்திட்டுக் கொடுத்தது வெற்றுக் காசோலையாக இருந்தாலும் கடனுக்காகத்தான் கொடுத்தார் என்ற அனுமானம் கொடுத்தவருக்கு எதிராக எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்றே வங்கிக்குக் காசோலை எண்ணோடு எழுதிப் பணம் வழங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். என்ன காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டது, ஏன் நிறுத்துகிறோம் என்று ஏஜென்ட்டுக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். நிறுத்தச் சொன்னதாலேயே வழக்கு வராது என்று எண்ண வேண்டாம். ஆனால் பதிவில்லாத ஏஜென்ட் கேட்ட தொகை சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் அல்ல என்ற நம் வாதத்துக்கு, முன்கூட்டியே அனுப்பிய அந்தக் கடிதம்தான் வலு. காசோலை திரும்பி அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், பணம் கட்டச் சட்டம் தரும் கெடு 15 நாள். அதற்குள் பதில் போய்விட வேண்டும். தபால்காரரிடம் வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஆகையால் தம்பி வீட்டில் இல்லாத நாளில் அவர் பெயருக்கு எந்த ஸ்பீட் போஸ்ட் வந்தாலும், திருப்பி அனுப்பாமல் வாங்கி, அன்றைக்கே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.