பழைய டார்ச் லைட்டுக்கு எல்.இ.டி. பல்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் இரண்டு பேட்டரிக் கட்டை போடும் பழைய பித்தளை டார்ச் லைட் இருக்கிறது. டார்ச்சை மாற்றாமல் பல்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். கடைக்குப் போகும் முன் பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பாகத்தில் மரை இருந்தால் அது இ10 வகை. மரை இல்லாமல் கழுத்தைச் சுற்றித் தட்டையான உலோக விளிம்பு இருந்தால் அது பி.ஆர். வரிசையைச் சேர்ந்த பி13.5எஸ் வகை. ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று உட்காராது என்பதால், பழைய பல்பையே கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வெளிச்சத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்: இரண்டு கட்டைக்கான பி.ஆர்.2 என்ற இழை பல்பு 2.38 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 1.2 வாட் எடுத்துக்கொண்டு சுமார் 10 லுமென் (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் தருகிறது. அரை வாட் எல்.இ.டி. பல்பு அதைப் போல நான்கைந்து மடங்கு தரக்கூடியது.

கேள்வி: ‘3 வோல்ட்’ என்று போட்ட எல்.இ.டி. பல்பை மூன்று கட்டை டார்ச்சில் போட்டேன். சில நொடிகள் பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. பல்பு போலியா?

பதில்: போலி என்று சொல்ல முடியாது. மூன்று புதிய கட்டைகள் சேர்ந்தால் 4.5 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே வரும். அதைத் தாங்கும் ஏற்பாடு அந்தப் பல்புக்குள் இல்லை. வெள்ளை எல்.இ.டி. எரிவதற்கே ஏறத்தாழ 3 வோல்ட் தேவைப்படும். இரண்டு கட்டைகளின் மின்னழுத்தமோ பயன்படுத்தத் தொடங்கியதுமே அதற்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், இரண்டு கட்டைக்கான பல்புகளில் அழுத்தத்தை உயர்த்தும் சிறிய மின்சுற்று ஒன்றை வைத்திருப்பார்கள். அட்டையில் ஒரே எண்ணுக்குப் பதிலாக ‘இத்தனை முதல் இத்தனை வோல்ட் வரை’ என்று வீச்சு அச்சிட்டிருக்கும் பல்பையே கேட்டு வாங்குங்கள். கட்டைகளின் எண்ணிக்கையை 1.5 ஆல் பெருக்கி வரும் எண் அந்த வீச்சுக்குள் அடங்க வேண்டும். லித்தியம் பேட்டரி போடுபவர்கள் ஒன்றுக்கு 4.2 வோல்ட் என்று கணக்கிட வேண்டும்; 3.7 என்பது பெயரளவு எண் மட்டுமே.

கேள்வி: புதிய பல்பு, புதிய கட்டைகள், ஆனாலும் எரியவில்லை. பழைய பல்பைப் போட்டால் எரிகிறது.

பதில்: கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்கு நேர்முனை எதிர்முனை என்ற வேறுபாடு கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. பெரும்பாலான மாற்றுப் பல்புகளில் நுனியில் உள்ள பொட்டுதான் நேர்முனை.

கேள்வி: பக்கத்தில் கண் கூசுகிறது, ஆனால் தோப்பின் மறுகோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகை வரை வெளிச்சம் போகவில்லை. பழைய பல்பே மேல் என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை. டார்ச்சின் பளபளப்பான கிண்ணம், இழை பல்பை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. இழை எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசும். அதில் பெரும்பகுதி கிண்ணத்தில் பட்டு, ஒரே கற்றையாகத் திரும்பி நெடுந்தூரம் போகும். முன்னோக்கிப் பதித்த எல்.இ.டி.யின் ஒளியோ கிண்ணத்தைத் தொடாமலேயே கணிசமாக வெளியேறி, கால்மாட்டிலும் பக்கவாட்டிலும் பரவிவிடுகிறது. அத்துடன், எல்.இ.டி. பதித்திருக்கும் உயரம் பழைய இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் குவியம் தப்பி, கற்றையின் நடுவில் இருண்ட வட்டம் விழும்.

இரவில் ஐந்து மீட்டர் தள்ளி ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் இருட்டு வட்டம் தெரிந்தால், தலைப்பகுதியைத் திருகிக் குவியம் மாற்றும் வசதியுள்ள டார்ச்சில் திருகியே சரிசெய்துவிடலாம். மரை பல்பானால், மையத் தொடர்பு விட்டுப்போகாத அளவுக்கு அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். விளிம்பு பல்பில் இவ்வளவு இடமில்லை, அதற்கு, எல்.இ.டி.களைப் பக்கவாட்டைப் பார்த்தபடி ஒரு சிறிய தூணில் பதித்த பல்பு கிடைத்தால், கிண்ணத்துக்கு மறுபடியும் வேலை கிடைக்கும். தூரம்தான் உங்களுக்கு முக்கியமென்றால், பல்பு மாற்றுவதை விட்டுவிட்டு எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த டார்ச்சை வாங்குவதே என் பரிந்துரை.

கேள்வி: வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: இழை பல்பில் அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும், மஞ்சளாகும்போதே கட்டை தீரப்போகிறது என்று நமக்குப் புரிந்துவிடும். எல்.இ.டி. பல்பில் உள்ள நல்ல மின்சுற்றோ, கட்டை தளரத் தளரக் கூடுதல் மின்னோட்டத்தை உறிஞ்சி வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்திருந்து, இனி முடியாது என்ற நிலையில் கைவிட்டுவிடுகிறது. இரவில் வரப்பில் நடப்பவர்கள் மாற்றுக் கட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாதாரணத் துத்தநாக-கார்பன் கட்டையில் வெளிக்கூடான துத்தநாகமே கரைந்து மின்சாரமாகிறது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் பல்பை அணைக்க மறந்து வைத்தால், கூடு ஓட்டையாகிக் கசிந்து பித்தளையில் பச்சை பூக்கும். பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பின்மூடியின் ஸ்பிரிங்கையும் துடையுங்கள். இணைப்பில் சற்றே அழுக்கு இருந்தாலும் எல்.இ.டி. பல்பு விட்டுவிட்டு எரியும்.

கேள்வி: பிளாஸ்டிக் டார்ச்சில் 3 வாட் பல்பு போடலாமா?

பதில்: வேண்டாம். எல்.இ.டி.யின் சூடு அடிப்பாகத்தின் வழியாக உலோகத்துக்கு இறங்க வேண்டும். பிளாஸ்டிக் டார்ச்சில் அதற்கு வழியில்லாததால் பல்பின் ஆயுள்தான் குறையும். அரை வாட், மிஞ்சினால் ஒரு வாட் போதும்.

கேள்வி: டார்ச்சை எரியவிட்டால் பக்கத்தில் உள்ள ரேடியோ இரைகிறது. ஆபத்தா?

பதில்: ஆபத்தில்லை. பல்புக்குள் இருக்கும் மின்சுற்று மிக வேகமாக மின்சாரத்தை விட்டுவிட்டு இயக்குவதால் எழும் அலைகள் மீடியம் வேவ் ஒலிபரப்பில் குறுக்கிடுகின்றன. ரேடியோவை ஓரிரு அடி தள்ளி வையுங்கள்.