இரு சர்வர்களிலும் இருக்கும் கோப்பை என் ஸ்கிரிப்ட் 'இல்லை' என்பது ஏன்?

இரண்டு லினக்ஸ் சர்வர்களின் கோப்புப் பெயர்ப் பட்டியல்களை 'காம்' (வரிசைப்படுத்திய இரு பட்டியல்களை ஒப்பிடும்) கட்டளையால் ஒப்பிடுகிறீர்கள்; இருபுறமும் இருக்கும் 'கோவில்பட்டி' கோப்புறை இரண்டு வெவ்வேறு பெயர்களாக வருகிறது என்கிறீர்கள். முதலில் ஒரு வேண்டுகோள்: மறுபுறம் இல்லாதவற்றை அழிக்கும் வரி ஸ்கிரிப்டில் இருந்தால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

பிசகும் பெயர்களை மட்டும் உற்றுப் பாருங்கள். கோவில்பட்டி, பொள்ளாச்சி, தொண்டி சிக்கி, மதுரையும் தஞ்சாவூரும் தப்பியிருந்தால் காரணம் ஒகர, ஓகாரக் குறிகள்தான். யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால், முதல் 'கோ' 6 பைட், அடுத்த 'கோ' 9 பைட். லினக்ஸ் வழக்கமாகப் பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்க்கும். அதற்கு இவை இரு வேறு பெயர்கள்.

என் கோயில் புகைப்படத் தொகுப்பில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. ஒரு பிரதி பழைய மேக் வட்டு வழியாக வந்திருந்தது. பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும்.

இரு பட்டியல்களையும் உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுதி மூலம் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவுக்கு, மாற்றுங்கள். அதன் பிறகே வரிசைப்படுத்துங்கள், அதுவும் ஒரே இடத்தில். சர்வருக்குச் சர்வர் மொழி அமைப்பு மாறினால் வரிசையும் மாறும், 'காம்' தவறான விடை தரும். மாற்றிய பெயர் ஒப்பிட மட்டுமே. கோப்பைத் திறக்க அசல் பெயர் வேண்டும், அதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று வேறான பெயர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்தால் ஒரே சர்வரில் இரு வடிவங்களும் இருக்கின்றன. உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில பெயர்கள் பொருந்தாமல் நிற்கலாம். 'கௌரி' என்பதைப் பலர் 'கெளரி' என்று, அதாவது கெ, ள, ரி என்று தட்டச்சு செய்கிறார்கள். அது வடிவ மாற்றமல்ல, எழுத்துப் பிழை. என்எஃப்சி அதைத் தொடாது. என் தொகுப்பில் அப்படிப்பட்ட பெயர்களைத் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்தினேன்.