தவறவிட்ட பந்துக்கும் அவுட் உண்டா?

கேள்வி: 12 வயதுக்குட்பட்டோருக்கான சாஃப்ட்பால் போட்டியில், முதல் இரண்டு பேஸ்களிலும் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய தளங்கள்) ரன்னர்கள் நிற்க, என் மகள் உயரே அடித்த பந்தை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) தவறவிட்டார். அப்போது யாரும் அவுட்டாகியிருக்கவில்லை. ஆயினும் அம்பயர் என் மகளை அவுட் என்றார். இது முறைதானா?

பதில்: முறைதான், இது இன்ஃபீல்டு ஃப்ளை விதி. இரண்டு பேர் அவுட்டாவதற்கு முன், முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்றிலுமோ ரன்னர்கள் இருக்கையில், இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் தடுப்பாளர்) ஒருவர் சாதாரண முயற்சியால் பிடிக்கக்கூடியதாக ஆட்ட எல்லைக்குள் எழும் பந்துக்கு, அது பிடிபட்டாலும் நழுவினாலும், அடித்தவர் அவுட். பன்ட்டுக்கும் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) தாழப் பாயும் பந்துக்கும் இது பொருந்தாது. இவ்விதி இல்லாவிட்டால், பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, பேஸில் காத்து நிற்கும் ரன்னர்கள் இருவரையும் எளிதில் வெளியேற்றிவிடலாம். அடித்தவர் அவுட்டான பிறகும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்பதைப் பயிற்சியாளர்களே சில வேளை மறந்துவிடுகிறார்கள்; பந்து நழுவினால் ரன்னர்கள் தம் பொறுப்பில் ஓடலாம், பிடிபட்டால் தம் பேஸைத் தொட்ட பின்னரே ஓட வேண்டும்.

கேள்வி: சமநிலையை முறிக்கும் கூடுதல் இன்னிங்ஸில், இரண்டாம் பேஸில் ரன்னரை நிறுத்தித் தொடங்கும்போது உடனே பன்ட் செய்யலாமா?

பதில்: எதிரணி ரன் எடுக்காத நிலையில், இரண்டாவதாக ஆடும் அணிக்கு ஒரே ரன் போதும் என்பதால் செய்யலாம். எதிரணி இரண்டு ரன்கள் எடுத்திருந்தால், ரன்னரை ஒரு பேஸ் நகர்த்துவதற்காக, பன்ட் மூலம் ஓர் அவுட்டைத் தானமாகக் கொடுப்பது வீண் என்பேன்.