பெச்சல் எந்த ஊர்ச் சாப்பாடு?

வணக்கம்.
ஜாவா உணவுகள் பற்றிய கட்டுரையில் நாசி பெச்சலை மடியூன் ஊர்ச் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள். என்னுடன் வேலை பார்க்கும் ஜாவாக்காரர் ஒருவர் அது பிளிடாருடையது என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் கெடிரி என்கிறார். எது சரி? வீட்டில் செய்து பார்க்கவும் ஆசை.
வ., சிங்கப்பூர்

அன்புள்ள வ.,

சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சூடான சோறு, அதன்மேல் வேகவைத்த கீரை, காராமணிக்காய், முளைகட்டிய பயறு, எல்லாவற்றுக்கும் மேலே காரமும் புளிப்பும் வெல்லமும் சேர்ந்த வேர்க்கடலைச் சாறு. வாழையிலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குச்சி குத்தி அதில் தருவார்கள். பக்கத்தில் மொறுமொறுவென்று ரெம்பெயெக் என்ற அரிசிமாவு வறுவல்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் ஊர்களும் மடியூனும் கிழக்கு ஜாவாவின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வட்டாரத்துக்கு மாதாராமான் என்று பெயர். பழைய மாதாராம் அரசின் நிலம் அது. 1755-இல் அரசு இரண்டாகப் பிரிந்த பிறகு, யோக்யகர்த்தா, சுரகர்த்தா அரண்மனைகள் இந்தக் கிழக்குச் சீமைகளைப் பங்கு போட்டுக்கொண்டன. 1825 முதல் 1830 வரை நடந்த ஜாவா போர் முடிந்ததும் மடியூனும் கெடிரியும் டச்சுக்காரர்கள் கைக்குப் போயின. பேச்சிலும் சாப்பாட்டிலும் இன்றும் அங்கே நடு ஜாவாவின் சாயல்தான். சுரகர்த்தா அரண்மனையில் 1814-இல் தொகுக்கத் தொடங்கிய செராத் சென்தினி என்ற ஜாவானியச் செய்யுள் நூலிலேயே பெச்சல் வருகிறது. ஆகவே இதை ஒரு வட்டாரத்தின் சாப்பாடு என்பதுதான் என் முடிவு. மடியூனை நான் முன்னால் வைத்ததற்குக் காரணம், அந்த ஊர் தன்னையே பெச்சல் நகரம் என்று அழைத்துக்கொள்கிறது. கடலைச் சாந்தைக் கட்டியாக்கிப் பொட்டலம் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறது. வெந்நீர் விட்டுக் கரைத்தால் போதும்.

ஆனால் கெடிரிக்காரர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அங்கே பெச்சலோடு சம்பால் தும்பாங்கும் ஊற்றுவார்கள். தெம்பே என்பது சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. நன்றாகப் புளித்து வாடை ஏறிய தெம்பேயைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு கொதிக்கவிட்ட குழம்பு அது. பழையதாகிப்போன பண்டத்தை வீணாக்காமல் அதிலிருந்தே இப்படி ஒரு ருசியை எடுத்திருக்கிறார்களே, அந்தக் கைப்பக்குவத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பெச்சலில் கெடிரிக்குப் பேர்போனது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. வேர்க்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அதனால் இன்றைய சாறு 16-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 1890 முதல் ஜாவாக் கூலித் தொழிலாளர்கள் சுரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டபோது அந்தக் கடலைச் சாறு அவர்களோடு மறுபடியும் தென் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது!

சரி, சமையலுக்கு வருவோம். கீரைகளோடு அங்கே தூரிப் பூ சேர்ப்பார்கள். நம் அகத்திப்பூதான் அது. நடுவில் உள்ள கேசரத்தைக் கிள்ளிவிடுங்கள், கசப்பு குறையும். கொதிநீரில் போட்டவுடன் எடுத்துவிட வேண்டும். வறுத்த கடலை, மிளகாய், பூண்டு, புளி, பனைவெல்லம், உப்பு, கஃபீர் எலுமிச்சை இலை, கொஞ்சம் கென்ச்சூர், எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். கென்ச்சூரை விட்டுவிட்டால் பெச்சலின் வாசனையே வராது. நாட்டு மருந்துக் கடையில் கச்சோலம் என்று கேட்டால் காய்ந்த கிழங்கு கொடுப்பார்கள். சிங்கப்பூர் ஈரச்சந்தையில் பச்சைக் கிழங்கே கிடைக்கும், அதையே வாங்குங்கள். ஒரு சுண்டுவிரல் நுனியளவு போதும்.