வலிப்பு மாத்திரை தொடங்கிய பிறகு தடிப்பு வந்தால் காத்திருந்து பார்க்கலாமா?

மகளுக்குக் கார்பமாசெபின் தொடங்கி இரண்டு வாரம், நெஞ்சில் சிவப்புத் தடிப்பு, லேசான காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, மாத்திரை அட்டையோடு பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

என் தம்பிக்கும் இதே மாத்திரைதான். பதினாறாம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல். மறுநாள் முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. பார்த்ததும் அம்மா, "அம்மை போட்டிருக்கு" என்றார். வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மைக்கு மருந்து கூடாது என்று டாக்டரிடம் போகவில்லை. ஆனால் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தோம். மூன்று நாளில் ஆறு மாத்திரை. அந்த ஆறையும் என் கையால்தான் கொடுத்தேன்.

நான்காம் நாள் உதடு வெந்து, தண்ணீர்கூட இறங்கவில்லை. தூக்கி உட்கார வைத்தபோது முதுகுத் தோல் கையோடு வந்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றுதான் கேட்டோம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் கண்ணும் வெந்து உரிவது அது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிரைப் பறிக்கும் நோய். தோல் உரிவது உடம்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து இன்னும் பல மடங்கு. தம்பி பிழைத்தான், கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்றும் விடுகிறான்.

எல்லாத் தடிப்பும் இப்படி முற்றாது. ஆனால் புது வலிப்பு மாத்திரை தொடங்கிய முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்று வந்தால் முதல் சந்தேகம் மாத்திரை மேல்தான் இருக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம், வலிப்பு விடாமல் வரலாம். நிறுத்துவதும் வேறு மருந்துக்கு மாற்றுவதும் மருத்துவர் கையில் ஒன்றாக நடக்கட்டும்.

சிலருக்கு இது பிறவியிலேயே உள்ள மரபணுவால் வருகிறது. 2004-இல் தைவானில் கார்பமாசெபினால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. சிங்கப்பூரில் இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்குமுன் அந்த ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை, நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதன் இனத்து மருந்துகளும் ஆகாமல் போகலாம். தம்பி இப்போது லெவெடிராசெட்டம் என்ற வேறு இனத்து வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும்: கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடல், லாமோட்ரிஜின் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையில், தமிழிலும் ஆங்கிலத்திலும்.