ஆரம்ப நிலை புராஸ்டேட் கேன்சர்: துபாய் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் 19 வருடங்களாக வேலை பார்க்கிறேன். மனைவி கும்பகோணத்தில் இருக்கிறார். வருடாந்தர செக்கப்பில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 6.4 என்று வந்தது. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எடுத்ததில் புராஸ்டேட் கேன்சர் ஆரம்ப நிலை, க்ளீசன் 6 (கேன்சர் செல்களின் வீரியத்துக்கான மதிப்பெண்), டி1சி (கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்ற நிலை) என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷன், ரேடியேஷன், சிகிச்சை எடுக்காமல் கண்காணிப்பில் இருப்பது என மூன்று வழிகளைச் சொல்லி, என்னையே முடிவு செய்யச் சொல்கிறார் டாக்டர். வீட்டிலோ, 'வேலையை விட்டுவிட்டு வாங்க, சென்னையில் புரோட்டான் சிகிச்சை (ஒரு வகை ரேடியேஷன்) பார்த்துக்கலாம்' என்கிறார்கள். என்.ஆர்.இ. டெபாசிட்டில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போடுவது) 38 லட்சம் இருக்கிறது. 2021-ல் எடுத்த 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டரும் (குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ்), 25 லட்சத்துக்கு ஒரு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியும் (கடும் நோய் வந்தால் மொத்தத் தொகை தருவது) உண்டு. டெபாசிட்டை உடைக்கலாமா? அந்த 25 லட்சத்தை எப்படி வாங்குவது?

பதில்: முதலில் ஒன்று. ராஜினாமா கடிதம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் பதறுவது புரிகிறது. ஆனால், உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மிக மெதுவாக நகரும் வகை. சில மாதங்கள் யோசித்து முடிவெடுக்க இந்த நோய் பெரும்பாலும் அவகாசம் தருகிறது. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் உங்கள் டாக்டரும்தான். எந்த வழிக்குப் போனாலும் பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

25 லட்சம் பற்றிக் கேட்டீர்கள். மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள், இன்றைய ரிப்போர்ட்டை வைத்து அது கிடைக்காது. இந்திய கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளில் கேன்சருக்கான வரையறை, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நிர்ணயித்த பொது வரையறை. அதில் விலக்குகள் பட்டியலில் புராஸ்டேட்டுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது: க்ளீசன் 6-க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது நோய் குறைந்தபட்சம் டி2 நிலையை எட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை. உங்களுடையது க்ளீசன் 6, டி1சி. இரண்டிலும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. 'கேன்சர் வந்தால் மொத்தப் பணமும் கைக்கு வரும்' என்று சொல்லி விற்ற ஏஜென்ட் இந்த வரியைப் படித்துக்காட்டியிருக்க வேண்டும். பாலிசியை எடுத்து நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அதற்காகக் கோபத்தில் பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள். பின்னாளில் க்ளீசன் 7 என்று வந்தால் க்ளெய்ம் செய்யும் வாய்ப்பு அந்தப் பாலிசி உயிரோடு இருந்தால்தான் உண்டு. இன்னொரு காரியமும் செய்யுங்கள். பயாப்ஸி எடுத்த லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, வேறொரு பெரிய கேன்சர் மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கேட்கலாம். இரண்டு பேத்தாலஜிஸ்ட்டுகள் பார்த்தால் 3+3 (அதாவது க்ளீசன் 6) என்பது 3+4 (க்ளீசன் 7) ஆவதும், 3+4 வந்தது 3+3 ஆவதும் நடப்பதுதான். க்ளெய்முக்காக அல்ல, எந்தச் சிகிச்சை என்பதே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது என்பதால் சொல்கிறேன்.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம். பிரிட்டனில் ப்ரோடெக்ட் என்ற ஆய்வில் 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, மற்ற இரண்டுக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் என்று கொடுத்தார்கள். 15 வருட முடிவுகள் 2023-ல் வந்தன. மூன்று பிரிவிலும் இந்தக் கேன்சரால் இறந்தவர்கள் 3 சதவிகிதம் அளவில்தான். அதேசமயம், கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 60 சதவிகிதம் பேர் பிற்பாடு ஆபரேஷனோ ரேடியேஷனோ எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வில் உங்களைவிட ஆபத்து கூடுதலாக இருந்தவர்களும் உண்டு, அதனால் அதே சதவிகிதம் உங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பணக் கணக்கில் இதற்கு முக்கியமான அர்த்தம் இருக்கிறது. கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரிய செலவு வராமலே போகலாம், 61, 62 வயதில் வந்தும் நிற்கலாம். அப்போது நீங்கள் துபாயில் இருக்க மாட்டீர்கள். விசா முடிந்த கையோடு கம்பெனி இன்ஷூரன்ஸும் முடிந்துவிடும்.

ஆகவே உங்களுடைய உண்மையான சொத்து அந்த 10 லட்சம் ஃப்ளோட்டர்தான். நோய் வருவதற்கு முன்பே எடுத்தது என்பதால் இது ஏற்கெனவே இருந்த நோய்க் கணக்கில் வராது. க்ளெய்ம் வந்தது என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. ஒரு வருடம் தவறவிட்டுப் பாலிசி காலாவதியானால், கேன்சர் ரிப்போர்ட்டோடு போகிற உங்களுக்குப் புது பாலிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. நோயைச் சொல்லாமல் வேறு கம்பெனியில் எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். க்ளெய்ம் செய்யும்போது பயாப்ஸி தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிரீமியத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) தானாகவே போகும்படி செய்துவிடுங்கள். ரோபோட்டிக் ஆபரேஷனை இந்தியப் பாலிசிகள் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்கக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. 10 லட்சம் பாலிசியில் ரோபோட்டிக்குக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புரோட்டான் விஷயத்தில் என் கருத்து தெளிவானது. உங்கள் நிலைக்கு அதற்காக டெபாசிட்டை உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சாதாரண நவீன ரேடியேஷனோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாதாரண ரேடியேஷனும் இப்போது முன்போல 7, 8 வாரம் இல்லை. 4 வாரத்தில் 20 முறை, பொருத்தமானவர்களுக்கு வெறும் 5 முறை என்று சுருங்கிவிட்டது.

துபாயிலேயே ஆபரேஷன் என்று முடிவானால், அமீரகச் சட்டப்படி வருடத்துக்கு 90 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளம் இல்லை. சாதாரணமாக ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலானவர்கள் ஆபீஸ் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சைட்டில் ஏறி இறங்கும் வேலை என்றால் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீர்க் கசிவு, தாம்பத்தியத்தில் சிரமம் ஆகிய இரண்டைப் பற்றியும் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிந்தால் வீட்டம்மாவையும் போனில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இன்று கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தேவையில்லாத ஆபரேஷனை அவசரமாகச் செய்துகொள்ளக் கூடாது.

டெபாசிட்டை அப்படியே விடுங்கள். ஒரு வருடம் முடியாத என்.ஆர்.இ. டெபாசிட்டை உடைத்தால் வட்டி சுத்தமாகக் கிடையாது. அவசரம் என்றால் அதன் மேல் கடன் வாங்கலாம். உடைப்பதற்குப் பதில், அடுத்து முதிர்வுக்கு வரும் டெபாசிட்டிலிருந்து 4 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். கண்காணிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., ஒரு வருடம் கழித்து மறுபடி பயாப்ஸி என்று போகும். இதில் பெரும்பகுதி அட்மிட் ஆகாமல் செய்வது, ஊருக்கு வந்தபின் ஃப்ளோட்டரில் கிடைக்காது. கூடவே, அந்த டெபாசிட்டுகளில் உங்களுக்குப் பிறகு மனைவிக்கு என்கிற முறையில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இந்த வாரமே கம்பெனி இன்ஷூரன்ஸுக்கு ஒரு மெயில் போடுங்கள். மூன்று கேள்விகள் போதும். புராஸ்டேட் ஆபரேஷனுக்கும் ரேடியேஷனுக்கும் வருட வரம்பு எவ்வளவு, என் கையிலிருந்து எத்தனை சதவிகிதம், பாலிசி புதுப்பிக்கும்போது இந்த நோய்க்குத் தனி நிபந்தனை வருமா. பதில் வந்ததும் அதையும், ஸ்லைடு பற்றிய இரண்டாவது ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வருடம் ஊர் திரும்பலாம் என்பதை அவை இரண்டையும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவோம்.